மேற்கே பார்த்து எழுந்திருக்கப் போகிறவர்

கடைசி எக்காளம் எங்கள் சாலேம்விளையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஊதத் தொடங்கியது. ரேஷன் கடையில் பாமாயிலுக்கு வரிசையில் நின்றவர்களும், தொடக்கப் பள்ளியில் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திய பிள்ளைகளும், கிணற்றடியில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நின்ற உபதேசியாரும், பஸ் ஸ்டாப் இட்லிக் கடையில் கடைசி ஈடு வேகவைத்துக்கொண்டிருந்த கிருபைக்கனியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து கிழக்கே பார்த்தோம். அது என்ன சத்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. உலக முடிவில் ஆண்டவர் வருகிற நாளில் ஊதும் என்று பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அதைப் பற்றியே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். செம்மண் மேடான தேரிக்கு மேலே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத வானத்திலிருந்து, ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில், பேசுகிறவர் பேச்சைக் கெடுக்காமல், ஆனால் எந்தக் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிற மாதிரி அது ஊதிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வீடு ஞாயிற்றுக்கிழமைச் சேலையும் வெள்ளை வேட்டியும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்கள் சிலர், இனிமேல் அணைத்தென்ன அணைக்காவிட்டால் என்ன என்று அப்படியே விட்டு வந்தவர்கள் சிலர், எல்லோரும் கோயில் முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்றோம். பன்னிரண்டு மணிக்கு வெயில் உச்சிக்கு வந்தது. இரண்டு மணிக்குக் கால் கடுத்தது. மூன்று மணிக்கு, பரலோகம் போகும் நேரத்தில் இப்படியா என்று வெட்கப்படும்படி எல்லோருக்கும் பசித்தது. அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் வீட்டில் சோறு கரிந்துபோயிருந்ததால், அணைத்தவர்கள் வீட்டில் போய் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாளும் ஊதியது. அதற்கு மறுநாளும் ஊதியது. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்க மேடையில் ஏறி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எக்காளம் ஊதும் என்று வேதத்தில் இருக்கிறதே தவிர எவ்வளவு நேரம் ஊதும் என்று எங்கேயும் இல்லை, ஆகையால் சபையார் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே ஆயத்தமாக இருக்க வேண்டியது என்றார். எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

வேலையைப் பார்த்துக்கொண்டே ஆயத்தமாக இருப்பது எப்படி என்று எங்கள் ஊர் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. இரவல் வாங்கிய குத்துவிளக்கும் தோசைக்கல்லும் பத்து வருடத்துக்கு முன் காணாமல் போன ஒரு கோழிக்கூடும் சொந்தக்காரர்களைத் தேடி வீதியில் நடந்தன. கிணற்றுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கு ஒரு கடப்பாரையோடு வந்து சுவரை இடித்து, கல்லை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதம் எங்கள் ஊர்ப் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலாவது மாதம் கொஞ்சம் சேர்ந்தது, ஆனால் சேர்க்கிறவர் கிழக்கே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தார்.

பாடகர் குழுவின் ஹார்மோனியத்தில் அந்தச் சுருதி இல்லை, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ கிடந்தது. ஆசிரியர் ஆரோன் அரத்தை எடுத்து ஒவ்வொரு நாக்காக ராவி, முழு ஹார்மோனியத்தையும் எக்காளத்துக்குச் சேர்த்து வைத்தார். அதன் பிறகு எங்கள் கோயில் பாட்டை வெளியூர்க்காரர்கள் கேட்டால் எதுவோ கொஞ்சம் விலகியிருக்கிறதே என்பார்கள். அந்தச் சத்தம் ஓடைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் கேட்கும், பாலத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை. ஆகவே அந்த வருடம் பிறந்த பிள்ளைகளை வேற்றூர் கல்யாணத்துக்குத் தூக்கிப்போனால் பாலத்தைத் தாண்டியதுமே வீரிட்டு அழும், திரும்பி வந்ததும் தூங்கிவிடும். கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்தை எக்காளம் ஸ்டாப் என்றே கூவினார்கள். சத்தம் அளக்க வந்த அதிகாரி ஒருவர் பெட்டி போன்ற கருவியை மூன்று நாள் கோயில் முற்றத்தில் வைத்திருந்தும் முள் அசையவே இல்லை. காற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது ஐயரிடம் தனியாகத் தன் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து வருடம் கழித்துக் காய்க்கிற தென்னங்கன்றை இப்போது நடலாமா என்று கேட்டவருக்கு, நடுங்கள், பரலோகத்திலிருந்து எட்டிப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று சொன்னதும் அதே ஐயர்தான்.

இனி கல்லறைத் தோட்டத்துக்கு வர வேண்டும். எக்காளம் ஊதினால் முதலில் எழுந்திருக்கிறவர்கள் மரித்தவர்கள்தான், உயிரோடிருக்கிற நாம் அதற்குப் பிறகுதான் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே பெண்கள் எல்லோரும் திரண்டு போய், எழுந்திருக்கிறவர்கள் காலில் குத்தக்கூடாது என்று உடைமுள்ளை வெட்டி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு செம்பு தண்ணீரை மூடி வைத்தார்கள். இத்தனை வருடம் கழித்து எழுந்தால் தாகம் எடுக்காதா? மாற்றுத்துணி வைக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. வெள்ளை அங்கி அங்கேயே கொடுப்பார்கள் என்று ஐயர் எவ்வளவோ சொல்லியும், அளவு சரியாக இருக்குமோ என்னவோ என்று பெண்கள் ஆளுக்கொரு வேட்டியையும் சேலையையும் மடித்து வைத்துவிட்டு வந்தார்கள்.

கிருபைக்கனி வைத்தது ஒரு நீலச் சட்டை. சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, புருஷன் தவசிமுத்துவின் கல்லறையில் வைப்பாள். அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போய் மறுபடி துவைப்பாள். தவசிமுத்து பம்பாயில் பலசரக்குக் கடையில் இருந்தவர், இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். ஐந்து நாள் கழித்து அரக்கு வைத்துச் சீலிட்ட பெட்டியில் வந்து சேர்ந்தார். திறக்கக்கூடாது என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் இருந்தது. திறக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களும் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று மழையில் நனைந்துகொண்டு அவள் கெஞ்சியதை நாங்கள் எல்லோரும் குடைக்குள் நின்று கேட்டோம், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். அதற்காக எங்களுக்கு வெட்கம் உண்டு. எக்காளம் ஊதிய அன்று ஊரே பாவத்தை நினைத்து நடுங்கியபோது சிரித்த முகத்தோடு நின்றவள் அவள் ஒருத்திதான். அவருடைய முகத்தைப் பார்க்கப் போகிறாள், அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதே நாளிலிருந்து சாப்பாடு இறங்காமல் போன ஒருவரும் இருந்தார். கோயில்பிள்ளை யோவேல், அதாவது எங்கள் கோயிலில் மணி அடிப்பவரும் விளக்குத் துடைப்பவரும் குழி வெட்டுபவரும் அவரே. நாலு மாதத்தில் இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். ஒரு வியாழக்கிழமை காலை கூட்டம் குறைந்த பிறகு இட்லிக் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காராமல் நின்றார்.

"என்ன தம்பி, நின்னுக்கிட்டே இருக்கியரு? ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்றாள் கிருபைக்கனி.

"வேண்டாம் மைனி. ஒரு காரியம் சொல்லணும். நான் அண்ணாச்சிய மாத்திப் போட்டுட்டேன்."

"எந்த அண்ணாச்சிய?"

"நம்ம தவசிமுத்து அண்ணாச்சியத்தான். தல மேக்கயும் காலு கெழக்கயும் வச்சுத்தானே எல்லாரையும் பொதைக்கோம், எந்திரிச்சதும் ஆண்டவரு வாற கெழக்குத் திசையப் பாக்கட்டும்னு. பெட்டியில தலமாடு எதுன்னு பம்பாய்க்காரன் சாக்பீஸ்ல எழுதியிருந்தானாம், அது மழையில அழிஞ்சு போச்சு. நான் ஒரு குத்துமதிப்பா எறக்கச் சொன்னேன். கால்மாட்டுக் கயித்தப் பிடிச்சது நான்தான் மைனி. கால்மாடு லேசா இருக்கணும்லா? என் கையில கனமா இருந்துச்சு. தல கெழக்க இருந்துச்சு. அப்பவே தெரியும். ஐயரு ஜெபத்த ஆரம்பிச்சிட்டாரு, மண்ணு சரியுது, எல்லாரும் நனைஞ்சுக்கிட்டு நிக்காவ. வாயத் தொறக்கல." யோவேல் கிழக்கே கையைக் காட்டினார். "இப்ப எல்லாரும் கெழக்க பாத்து எந்திரிப்பாவ. அவரு மட்டும் மேக்க பாத்து எந்திரிப்பாரு, ஆண்டவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு. நியாயத்தீர்ப்புல புஸ்தகத்தத் தொறந்து என் பேர வாசிக்கும்போது இதையும்லா வாசிப்பாவ?"

கிருபைக்கனி அடுப்பை அணைத்தாள். சாம்பார் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வெளியே சாக்கடையில் கவிழ்த்தாள். மாவு வாளியை மூடினாள். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் மூன்று நாள் வெளியே வரவில்லை, வந்த பிறகும் கடையைத் திறக்கவில்லை. கடை பூட்டிக் கிடந்தால் ஊருக்குக் காலைச் சாப்பாடு இல்லை, காலைச் சாப்பாடு இல்லையென்றால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் யோவேலின் மனைவி எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? சனிக்கிழமைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அந்த வாரம் நீலச் சட்டை துவைக்கப்படவில்லை.

சபைக் கமிட்டி கூடியது. மின்னல் கிழக்கே வெட்டினால் மேற்கு வரைக்கும் வெளிச்சம் தெரியுமே, ஆண்டவரும் அப்படித்தானே வருவார், எந்தத் திசையில் கிடந்தால் என்ன என்றார் ஒருவர். அப்படியானால் நூற்றைம்பது வருடமாக எதற்காகக் காலைக் கிழக்கே நீட்டிப் புதைக்கிறோம் என்று இன்னொருவர் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். மேற்கே என்ன இருக்கிறது, பஸ் ஸ்டாப்தானே, எழுந்ததும் மனுஷன் பழக்கதோஷத்தில் நேராகப் பம்பாய் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாமவர் கேட்டது வேடிக்கைக்கு இல்லை, உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கடைசியில் தோண்டித் திருப்பி வைப்பது என்று முடிவாகி, அதற்கு அனுமதி வேண்டி, இறந்தவர் தவறான திசையில் எழுந்திருக்க வாய்ப்புள்ளதால் என்று காரணம் காட்டி, தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டோம். பதினைந்து நாளில் பதில் வந்தது. எழுந்திருக்கும் உத்தேசத் தேதியைக் குறிப்பிட்டு மனுவைத் திரும்பச் சமர்ப்பிக்கவும் என்று அதில் இருந்தது.

ஐயர் அந்தக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த நாளையும் நாழிகையையும் பரலோகத் தூதருக்கே தெரியாதென்று பிரசங்கித்துவிட்டு எப்படித் தேதி போடுவது? அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். தேதி இல்லை என்று அது திரும்பி வந்தது.

இனிப் பொறுக்க முடியாது என்று யோவேல் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஜெயிலுக்குப் போனாலும் போகிறேன், அண்ணாச்சியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பியவர், அங்கே கிருபைக்கனி ஏற்கெனவே நிற்பதைப் பார்த்துத் தயங்கினார். யோவேல் மண்வெட்டியோடு போகிறார் என்று கேள்விப்பட்டு ஐயரும் நாங்கள் பத்துப் பேரும் பின்னாலேயே போயிருந்தோம். அவள் புருஷனின் கல்லறைக்கு மேற்கே, இத்தனை நாளும் தலைமாடு என்று சிலுவை நட்டு வைத்திருந்த பக்கத்தில், வாசலிலிருந்து வருகிற பாதையின் நடுவில் நின்றாள். தேரிக்கு மேல் சூரியன் அப்போதுதான் தலை காட்டியது. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது, அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்று கூப்பிட்டாள். ஒன்றரை மாதத்தில் அவள் யோவேலிடம் பேசிய முதல் வார்த்தை அது. "இப்ப இவரு எந்திரிச்சு உக்காந்தா யாரப் பாப்பாரு?"

யோவேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கணக்குப் பார்த்தார். "ஒங்களத்தான் மைனி."

"நான் செத்து இங்கனயே கெடந்தா? எல்லாரையும் மாதிரி தல மேக்க, காலு கெழக்க."

"அப்பம் நீங்க கெழக்க பாத்து எந்திரிப்பிய, அவரு மேக்க பாத்து எந்திரிப்பாரு. நேருக்கு நேரா..." என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மண்வெட்டிய எடுத்துட்டுப் போரும். யாரும் அவரத் தோண்ட வேண்டாம். எனக்கு இந்த எடத்தத் தாங்க."

ஐயர் ஓரடி முன்னால் வந்தார். அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. "அம்மா, அந்த நாளிலே எல்லாக் கண்ணும் ஆண்டவரைத்தான் முதல்ல காணணும். இவரு எந்திரிச்சதும் முதல்ல உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தா... ஆண்டவர் என்ன நினைப்பார்?"

"முகம் பாக்காம மண்ணு போட்டவ நான். இருவத்திரண்டு வருசம் பொறுத்திருக்கேன். எனக்காக ஆண்டவரு ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டாரா ஐயரே? மொதல்ல அவரு என்னையப் பாக்கட்டும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் கேட்ட இடம் பாதையில் இருந்தது. எந்தக் காலத்திலும் பாதையில் புதைப்பதில்லை, சவப்பெட்டி வருவதற்கு வழி வேண்டுமே. ஆகவே சபைக் கமிட்டி பாதையை மாற்றியது. தெற்கு மதிலை உடைத்துப் புதுவாசல் வைத்தோம். சுவரை இடிப்பதில் ஏற்கெனவே பழக்கம் உள்ள அந்த அண்ணன் தம்பிதான் அந்த வேலையையும் செய்தார்கள். தவசிமுத்துவின் சிலுவையை யோவேல் தன் கையாலேயே பிடுங்கி, தலை உண்மையில் இருக்கிற கிழக்குப் பக்கத்தில் நட்டார். நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க மைனி," என்றார்.

"அத எக்காளம் ஊதுததுக்கு முந்தில்லா கேட்டுருக்கணும்?" என்றாள் கிருபைக்கனி. பிறகு, "என் பெட்டியையும் நீருதான் எறக்கணும், ஒழுங்கா எறக்கணும். அதுவர நீரு சாவக்கூடாது பாத்துக்கிடும். இப்பம் வந்து இட்லி தின்னும், எலும்புந் தோலுமா நின்னா கயித்த எப்படிப் பிடிப்பியரு?" என்றாள். அன்று கடை திறந்தது. யோவேல் பதினொரு இட்லி சாப்பிட்டார். சனிக்கிழமை நீலச் சட்டை துவைத்து இஸ்திரி போட்டு வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். எக்காளம் ஊதியபடியே இருந்தது, நாங்களும் இருந்தோம். தென்னை காய்த்தது. நட்டவரே இளநீர் குடித்தார், ஐயருக்கும் ஒன்று கொடுத்தார். பிள்ளைகள் பிறந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன. தாலி கட்டும் நேரத்தில் மேளத்துக்கு மேலே அந்தச் சத்தம் கேட்பது நல்ல சகுனம் என்று வெளியூர்ப் பெண்வீட்டார் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்கக் கேட்டு வந்தார்கள். சகுனமெல்லாம் பார்க்கக்கூடாது என்று ஐயர் கண்டித்துவிட்டுத் தேதி கொடுத்தார். நியாயத்தீர்ப்பு என்றாலே பயந்துகொண்டிருந்த எங்களுக்கு, எப்படியும் வரப்போகிற மூத்த உறவுக்காரரை எதிர்பார்ப்பது மாதிரி அது ஆகிவிட்டது. வந்தால் எதையெல்லாம் கேட்பார் என்று தெரியும், ஆனாலும் வரட்டும் என்றுதான் இருந்தது. யோவேலுக்கு இடையில் ஒரு தடவை நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, சாக அனுமதி இல்லை என்று சொல்லியே பிழைத்து வந்தார்.

கிருபைக்கனி ஒரு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தாள். மறுநாள் ஆராதனை முடிந்து அடக்கம். இந்தத் தடவை பெட்டியைத் திறந்து வைத்தோம், ஊரே வரிசையில் வந்து முகம் பார்த்தது, பார்த்தவர்கள் மறுபடி வரிசையில் நின்று இரண்டாம் தடவையும் பார்த்தார்கள். மூடிய பிறகு தலைமாடு எது என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லி, சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதினோம். மழை இல்லை, ஆனாலும் குடை பிடித்தோம். எழுபத்திரண்டு வயது யோவேல் மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, யார் சொல்லியும் கேளாமல் கால்மாட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டார். பெட்டி இறங்கியது. கயிறு கையில் ஓட ஓட அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"லேசா இருக்கு," என்றார்.

அப்போது எக்காளம் நின்றது.

ஒன்பது வருடத்துக்கும் மேல் கேட்டுக்கொண்டிருந்தது நின்றதும், பனையோலை உரசுவதும் ஓடைப்பாலத்தில் ஒரு லாரி ஏறுவதும் நாங்கள் மூச்சு விடுவதும்கூடக் கேட்டது. எக்காளத்துக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள் பயந்து அழுதார்கள். ஆரோன் காதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்களுக்கு வந்த பயம் எக்காளம் ஊதத் தொடங்கிய அன்றுகூட வரவில்லை, இனி ஆண்டவர் வரமாட்டாரோ, நாம் இப்படியே மறந்துவிடப்பட்டோமோ என்ற பயம் அது. யோவேல் மட்டும் நிதானமாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "எதுக்கு அழுதிய? ஊதுதவரு மூச்சு எடுக்காரு. எடுக்காண்டாமா?" என்றார்.

அந்த அமைதியில் அவர் தவசிமுத்துவின் கல்லறைப் பக்கம் திரும்பி, காது கேளாத மனுஷனிடம் பேசுவது மாதிரி உரக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, மைனி வந்தாச்சு. ஒம்ம காலுக்கு நேராத்தான் கெடக்கா. கண்ண முழிச்சதும் அவ மூஞ்சியப் பாரும். ஆண்டவரு ஒம்ம முதுகுக்குப் பின்னாலதான் வருவாரு, அந்த வெளிச்சம் அவ மூஞ்சில அடிக்கும். அதப் பாத்தே ஒமக்குத் தெரிஞ்சுபோயிரும் வந்துட்டாருன்னு. பொறவு மெதுவாத் திரும்பும். ஒண்ணும் அவசரம் இல்ல."

அவர் சொல்லி முடித்ததும் எக்காளம் மறுபடி ஊதத் தொடங்கியது. முன்னைவிடக் கொஞ்சம் மேலே, மறுபடி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருந்தது. பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள். ஆரோன் சிரித்துக்கொண்டே, இனி ஹார்மோனியம் முழுவதையும் திரும்ப ராவ வேண்டுமே என்றார். யோவேல் நீலச் சட்டையை இரண்டு கல்லறைக்கும் நடுவில் வைத்து, காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு செம்பு தண்ணீரை மூடி வைத்தார். நாங்கள் ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டுவிட்டு, புதுவாசல் வழியாக வீட்டுக்குப் போனோம்.